கடாரமா, ஜப்பான் காலமா?

கேள்வி: பினாங்கில் நடக்கும் கணினி விளையாட்டு ஒன்றுக்குக் கதை எழுதுகிறோம். ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரமா (இன்றைய கெடா), இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலமா, எது நல்லது?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: 1025-இன் படையெடுப்பில் கப்பலும் போரும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அன்றாட வாழ்க்கைக்குச் சான்று குறைவு. தெருவில் நடக்கவிட்டால் பாதி கற்பனைதான். என் ஓட்டு ஜப்பான் காலத்துக்கே.

ஆனால் பிசகுவது கடிகாரத்தில். அப்போது தோக்கியோ நேரம், பழைய மலாயா நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். பினாங்கில் விடியவே எட்டு மணி தாண்டும். ஆறு மணிக்கு வெயில் அடித்தால் கதை கவிழ்ந்தது!

அடுத்தது பணம். குண்டு விழுந்த 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வெளியிட்ட ‘வாழைமர நோட்டை’க் காட்டாதீர்கள். அது 1942-இல் வந்தது. வாழைமரம் இருப்பது பத்து வெள்ளி நோட்டில். தொடக்கத்தில் வரிசை எண் இருந்தது, பிறகு வெறும் எழுத்துகள். நோட்டை நெருக்கத்தில் காட்டினால் இதைப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் கட்டுக்கட்டாக நீட்டினாலும் அரிசி கிடைக்காது. தட்டில் மரவள்ளிக்கிழங்கு வையுங்கள்.

பின்னணியில் கொம்தார் கோபுரம், பினாங்குப் பாலம் கூடாது, இரண்டும் பிறகு வந்தவை. கொடிமலை (பினாங்கு மலை) ரயில் தாராளமாக ஓடலாம், அது 1923-இலேயே வந்துவிட்டது.