திருகோணமலையில் கரண்ட் போனதும் கந்தளாய்த் தளமும் உறைவது ஏன்?

கந்தளாயில் பழுது எதுவும் இல்லை. இரு தளங்களிலும் டேட்டாவைப் பிரதிகளாகச் சேமிக்கும் மென்பொருள்தான் சிஃப் (Ceph). அதன் நிலையைக் கவனித்து, பெரும்பான்மை வாக்கால் முடிவெடுப்பவை மொனிட்டர்கள். உங்கள் சிஃப் மொனிட்டர் மூன்றில் இரண்டு திருகோணமலையில், ஒன்றுதான் கந்தளாயில் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றில் இரண்டு விழுந்தால் பெரும்பான்மை போய்விடும். மிஞ்சிய ஒன்று தனியாக முடிவெடுக்காது. அதனால்தான் குபர்னெட்டிஸில் (செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) பாட் எனும் செயலி அலகுகள் எல்லாம் வால்யூம், அதாவது சேமிப்பிடம், ஏற்றும் இடத்தில் தொங்குகின்றன.

முதலில் இதை உறுதிப்படுத்துங்கள். பெரும்பான்மை இல்லாதபோது 'சிஃப் ஸ்டேட்டஸ்' கட்டளை பதிலே தராது, காத்துக்கொண்டே இருக்கும். கந்தளாய் மொனிட்டரின் அட்மின் சாக்கெட் (அதே கணினியிலிருந்து அதனிடம் நேரடியாகப் பேசும் வழி) வழியாக 'மொன் ஸ்டேட்டஸ்' கேளுங்கள். 'புரோபிங்' (மற்ற மொனிட்டர்களைத் தேடுகிறது) என்று வந்தால் இதுதான் காரணம்.

சரி, தீர்வு. தளத்துக்கு இரண்டு, மூன்றாவது இடத்தில் ஒன்று, ஆக 5 மொனிட்டர். அந்த ஐந்தாவதில் டேட்டா இருக்காது, சின்ன மெய்நிகர் இயந்திரம் போதும். கொழும்பில் வைத்தாலும் பரவாயில்லை. டேட்டாத் தளத்தை மட்டும் அவ்வளவு தூரம் கொண்டுபோகாதீர்கள். டேட்டா எழுதும் ஒவ்வொரு வேலையும் இரு பக்கமும் பதிந்த பிறகே முடியும், தூரம் கூடினால் அது தாமதமாகும். பிறகு ஸ்ட்ரெச் மோடை (இரு தளங்களில் பரவிய சிஃப்புக்கான அமைப்பு) இயக்குங்கள்: 4 பிரதிகள், பக்கத்துக்கு 2. இப்போதுள்ள 3 பிரதியில் இரண்டு திருகோணமலையில் இருந்தால், மொனிட்டரைச் சரிசெய்தாலும் டேட்டா எழுதுவது நிற்கும். குபர்னெட்டிஸ் தன் நிலையைச் சேமிக்கும் தரவுத்தளமான எட்சிடிக்கும் (etcd) இதே பெரும்பான்மைக் கணக்குத்தான், அதையும் பாருங்கள்.

அவசரத்துக்கு மொனிட்டர் வரைபடத்திலிருந்து (மொனிட்டர்களின் பட்டியல்) இறந்த இரண்டையும் வெட்டலாம். ஆனால் கரண்ட் வந்து அவை தாமாக எழும்பினால் இரு பக்கமும் தனித்தனியே ஓடத் தொடங்கும். அவற்றை நிறுத்தி வைக்க ஆள் இல்லாமல் தொடாதீர்கள்.

அப்புறம், 1986இல் கந்தளாய்க் குளம் உடைந்தது. ரேக்கைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள்.