சட்டத்துக்கு உள்ளே இருப்பதன் விலை

கேள்வி: பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்கும் நிலையில், முகப்பில் மாட்டியிருந்த ஐந்து பழைய சாமி படங்களை விற்க எண்ணியிருக்கிறோம். எல்லாம் தேக்குச் சட்டமிட்டவை. லட்சுமி, சரஸ்வதி படங்களின் அடியில் ரவி வர்மா அச்சகத்தின் பெயர் இருக்கிறது. யசோதை படத்தில் சேலைமீது ஜரிகையும் சம்கியும் ஒட்டப்பட்டுள்ளன. மற்ற இரண்டில் எழுத்தே இல்லை. பார்க்க வந்த வியாபாரி, சட்டங்களுக்காகவே ஐந்தையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். மதிப்பை எப்படி அறிவது? சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு ஒன்றை அனுப்பலாமா?
– வாசகி ஒருவர், தேவகோட்டை

பதில்: மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். தேக்குச் சட்டத்துக்கு விலை உண்டு என்பது உண்மைதான். ஆனால் சட்டத்துக்காக மட்டும் வாங்குகிறவர், உள்ளே இருக்கும் தாளை உங்களிடமே விட்டுச் செல்லச் சம்மதிப்பாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அச்சகத்தின் பெயரைக் கண்டதும் ரவி வர்மா காலத்துப் படம் என்று முடிவுகட்டுவதும் தவறு. அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், பிறகு லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு இடம்பெயர்ந்து, 1900-களின் தொடக்கத்திலேயே ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போய்விட்டது. 1906-இல் ஓவியர் மறைந்த பிறகும் பல பத்தாண்டுகள் அதே பெயரில் படங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. பிற ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சிடப்பட்டன. ஆகவே பெயரோடு, அதன் அருகில் என்ன ஊர் குறிக்கப்பட்டிருக்கிறது, படத்துக்கு எண் இருக்கிறதா என்பதையும் எழுதி வையுங்கள். கார்லா, லோனாவ்லா போன்ற ஊர்ப்பெயர் இருந்தால், அது இடமாற்றத்துக்குப் பிந்தைய அச்சு. எழுத்தில்லாத இரண்டையும் ஒதுக்கிவிட வேண்டாம். சட்டத்தின் அளவுக்குப் பொருந்துவதற்காகத் தாளின் ஓரத்தைக் கத்தரித்துவிடுவது அந்நாளைய கண்ணாடிக் கடைக்காரர்களின் வழக்கம். பெயர் அப்படியும் போயிருக்கலாம். ஆனால் ஓரம் வெட்டுப்பட்ட படத்துக்கு விலை குறையத்தான் செய்யும்.

அடுத்து, நகை ஆசாரி வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை இரவல் வாங்கி, முகம், கை போன்ற பகுதிகளைப் பாருங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட பழைய கல்லச்சுப் படத்தில், புள்ளிகள் கையால் வைத்தவைபோல் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். வண்ணங்கள் ஓரிரு இடங்களில் விலகியும் தெரியலாம். நான்கே வண்ணப் புள்ளிகள் சிறு ரோஜாப் பூவைப் போல வரிசை தவறாமல் அமைந்திருந்தால் அது ஆஃப்செட் அச்சு, அதாவது பிற்காலப் பிரதி. தாளில் துணி நெய்தாற்போன்ற புடைப்பும் மேலே வார்னிஷ் பளபளப்பும் இருந்தால் எண்ணெய் ஓவியம்போல் தோன்றும்படி அச்சிட்ட, ஓலியோகிராஃப் எனப்படும் வகையாக இருக்கக்கூடும். பழைய சட்டத்துக்குள் புதுப் பிரதியைச் செருகி விற்பது இத்தொழிலில் நெடுநாளாக நடப்பதுதான். உங்களுடையவை சுவரைவிட்டு இறங்காதவை என்பதால் அந்தக் கவலை குறைவு.

என் கணிப்பில் உங்கள் ஐந்தில் முதலில் கவனிக்க வேண்டியது யசோதை படம். லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு மாட்டப்பட்டவை, இன்றும் சந்தைக்கு எளிதாக வருபவை. ஜரிகை வேலை அப்படியல்ல; யாரோ ஒருவர் வீட்டிலோ கடையிலோ உட்கார்ந்து கையால் செய்தது, அதேபோல் இன்னொன்று இராது. உதிர்ந்த சம்கிக்குப் பதிலாகப் புதியதை ஒட்டி அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

படங்களைப் பிரித்துத் துடைக்கவும் வேண்டாம். ஈரம் ஏறித் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், பிரிக்கும்போது வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, முன்புறம், பின்பலகை, அச்சகப் பெயர், கரையானோ ராமபாணப் பூச்சியோ அரித்த இடம், பழுப்புக் கறை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். குறையை மறைத்து எடுத்த படம் பேரத்தில் உங்களுக்கே பாதகமாகும்.

விலையைப் பொறுத்தவரை, இணையத்தில் விற்பவர்கள் போட்டிருக்கும் தொகையை நம்ப வேண்டாம். அது அவர்கள் கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளில் அதே படம், அதே அளவு, அதே நிலையில் உள்ளதைத் தேடி ஒப்பிடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இரண்டு மூன்று கடைகளில் தனித்தனியே விலை கேளுங்கள். கடைக்காரர் அதை மாதக்கணக்கில் வைத்திருந்து விற்க வேண்டியிருப்பதால், ஏல விலையில் ஒரு பங்கைத்தான் தருவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தம்பிக்கு அனுப்பும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்கீழ் வருவதால், தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ரவி வர்மாவின் ஓவியங்களும் தேசியக் கலைக் கருவூலமாக அறிவிக்கப்பட்டவை. அச்சுப் படமாயினும் வயது ஐயத்துக்கு இடமாக இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் பெற்ற பிறகே அனுப்பலாம். தம்பி விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போகட்டும் என்றாலும் இதே விதிதான்.