ராட்வீலர் கூடாது என்று சங்கம் தீர்மானம் போடலாமா?

கேள்வி: கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். மூன்றாவது மாடியில் ஒரு குடும்பத்தினர் இரண்டு வயது ராட்வீலர் இன நாயை வளர்க்கிறார்கள். இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஆனால் லிஃப்டில் அதைப் பார்த்துப் பயந்த ஒரு சிறுமி இப்போது ஐந்து மாடியும் படியில்தான் இறங்குகிறாள். ‘அந்த இனமே வளாகத்துக்குள் வரக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள்’ என்கிறார்கள் பெற்றோர்கள். நாய் வளர்ப்பவர்கள் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஏற்கிற வழி இருக்கிறதா டாக்டர்?

பதில்: இருக்கிறது. ஆனால் தீர்மானத்தில் இனத்தின் பெயரை எழுதிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் குடியிருப்புச் சங்கம் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்ற மறுக்கவும் கூடாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். உங்கள் மாநகராட்சிக்கென்று தனி விதியோ உரிம நிபந்தனையோ இருந்தால் சங்கமும் நாய்க்காரரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அதனால் கூட்டத்துக்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இனத்தை வைத்துத் தடை போடும் முயற்சி நம் நாட்டில் ஏற்கெனவே நடந்தது. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை, 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. டோசா இனு, ஜப்பானிய டோசா இரண்டும் ஒரே நாய், அதைத் தனித்தனியாகச் சேர்த்திருந்தார்கள். பல இனங்களுக்குப் பொதுப் பெயரான ‘டெரியர்’ என்று மொட்டையாக ஒரு சொல். மடியில் வைத்துக் கொஞ்சுகிற அளவிலான டெரியர்களும் அதற்குள் வந்துவிடும். அதே சமயம், வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன நம் தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் பட்டியலில் இல்லை. கோம்பையையும் தடை செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. பெயரை வைத்து ஆபத்தை அளந்தால் கணக்கு தப்பும் என்கிறேன்.

அந்தச் சுற்றறிக்கையை ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்கவில்லை என்பது முக்கியக் காரணம். மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்காவில் இருந்த ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. தமிழ்நாட்டிலும் 23 இனங்களுக்குத் தடை என்று ஓர் உத்தரவு வந்து, வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. எல்லோரையும் உட்காரவைத்துப் பேசாமல் போட்ட விதி அரசு போட்டாலும் நிற்கவில்லை. சங்கம் போட்டால் மட்டும் நின்றுவிடுமா?

சரி, பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இல்லையா? நிச்சயம் இருக்கிறது. ‘என் நாய் ஒன்றும் செய்யாது’ என்று சொல்லும் நாய்க்காரர்களிடம் ஒரு கால்நடை மருத்துவராக நான் கறாராகப் பேசுவது இங்கேதான். அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்றது. இதை வைத்து நாய்க்காரர்கள் வாதாடுவார்கள். ஆனால் அந்த ஆய்வு பேசுவது குணத்தைப் பற்றி, எடையைப் பற்றி அல்ல. பொமரேனியன் கடித்தால் ஊசியோடு போய்விடலாம். 45 கிலோ நாய் ஒரே ஒருமுறை நிதானம் இழந்தால், ஒரு குழந்தையின் முகமே போய்விடும். இதை நாய்க்காரர்கள் வாய்விட்டு ஒப்புக்கொண்டாலே கூட்டத்தின் சூடு பாதி தணியும்.

அப்புறம், இனத்தை விட்டுவிட்டு இடத்தைப் பற்றிப் பேசுங்கள். எங்கே, எந்த நேரத்தில் பயமாக இருக்கிறது என்று பெற்றோரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். லிஃப்ட், படிக்கட்டு வளைவு, குழந்தைகள் விளையாடும் இடம், மாலையில் கேட் பக்கம் என்று நாலைந்து இடங்கள்தான் வரும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நடைமுறை போதும். லிஃப்டில் ஆள் இருந்தால் நாய்க்காரர் அடுத்ததில் வரட்டும். விளையாடும் இடத்துக்கு நாய் வேண்டாம். வெளியே வந்தால் ஐந்தடிக்கு மிகாத லீஷ் (நாயைப் பிடிக்கும் கயிறு), இழுக்க இழுக்க நீளும் வகை கூடாது. பிடிப்பவர் அந்த நாயை இழுத்து நிறுத்தும் வலு உள்ள பெரியவராக இருக்க வேண்டும். ராட்வீலரைப் பத்து வயதுப் பையனிடமோ வேலைக்கு வரும் அம்மாவிடமோ கொடுத்து அனுப்புவதை நான் பலமுறை பார்த்துப் பதறியிருக்கிறேன்.

வாய்க்கவசம் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் மசில் என்று கேட்டால் வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையைக் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்காதீர்கள். நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். நம் வெயிலில் வாயைக் கட்டினால் அதன் உயிருக்கே ஆபத்து. கூடை வடிவில் இருப்பதுதான் சரி. அதைப் போட்டிருந்தாலும் நாய் வாயைத் திறக்கும், தண்ணீர் குடிக்கும், ஆனால் கடிக்க முடியாது. தின்பண்டம் வைத்துப் பழக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் தானே மூக்கை நீட்டும். சங்கம் கட்டாயப்படுத்துவதைவிட, பெரிய நாய் வளர்ப்பவர்கள் தாங்களே முன்வந்து இதை எழுதித் தருவது நல்லது. சட்டச் சிக்கலும் வராது, பெற்றோருக்கும் நம்பிக்கை வரும்.

பிரிட்டனில் 1991-இலிருந்து நான்கு இனங்களுக்குத் தடை. 2023 கடைசியில் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய நாய் வகையையும் சேர்த்தார்கள். 30 ஆண்டு கழித்தும் பட்டியல் நீள்கிறதே என்பது என் வருத்தம். ஆனாலும் அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வளர்த்த எக்ஸ்எல் புல்லிகளுக்குக் கருத்தடை, அடையாளத்துக்குத் தோலடியில் வைக்கும் மைக்ரோசிப், நாயால் பிறருக்கு வரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு, வெளியில் வாய்க்கவசம் என்ற நிபந்தனைகளோடு விலக்கு கொடுத்தார்கள். உங்கள் வளாகத்திலும் இருக்கிற நாய் இருக்கட்டும், உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் ஆண்டுதோறும் சங்கத்திடம் வரட்டும். மூன்றாம் நபர் பொறுப்பையும் சேர்த்து ஏற்கும் செல்லப்பிராணி பாலிசிகள் இங்கேயும் கிடைக்கின்றன.

கடி நடந்தால் என்ன செய்வது என்பதையும் சண்டை இல்லாத நாளிலேயே பேசி வையுங்கள். காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது, தாமதிக்காமல் மருத்துவமனை, செலவு யார் பொறுப்பு, நாயைப் பத்து நாள் கண்காணிப்பது, எல்லாமே. கவனமின்மையால் நாய் பிறருக்குக் காயம் ஏற்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். இது எல்லா இனத்துக்கும் பொருந்தும்.

கடைசியாக அந்தச் சிறுமி. பயம் போகட்டும் என்று அவளை இழுத்துப்போய் நாயைத் தடவச் சொல்லிவிடாதீர்கள், பயம்தான் கூடும். அவள் பள்ளிக்குக் கிளம்பும் அரைமணி நேரம் லிஃப்டில் நாய் ஏறாது என்று அந்தக் குடும்பத்தினரே அவளிடம் நேரில் வந்து சொல்லட்டும். நாயை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும்.