ஓசி வேலையும் பிரானூர் பார்டரும்

கேள்வி: என் அண்ணன் மகன் நல்ல வேலையில்தான் இருக்கிறான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை விக்கிபீடியாவில் எதையோ திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லீவு நாளில் போனைத் தூக்கிக்கொண்டு போய் ஊர்ச் சந்துகளை இன்டர்நெட் மேப்பில் ஏற்றுகிறான். சல்லிக்காசு வரவில்லை. ஓசியில் இப்படி உழைக்க இவர்களை எதுதான் தூண்டுகிறது?
– வாசகர், புளியரை

பதில்: 'ஓசி' என்று எழுதிவிட்டீர்கள் ஐயா. உங்கள் அண்ணன் மகன் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால் உறைகளில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதைச் சுருக்கி முத்திரை குத்துவார்களாம். அந்த உறைக்குத் தபால் கட்டணம் கிடையாதாம். அந்த 'ஓ.சி.'தான் தேய்ந்து ஓசி ஆயிற்றாம். பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்கும் கதை, இந்தப் பக்கத்துக்கும் மாதம் தவறாமல் கடிதமாக வரும் கதை. எழுதுகிறவர் யாரும் அந்த உறையின் படம் ஒன்றையாவது இணைத்ததில்லை. அப்படியே உறை கிடைத்தாலும் விஷயம் முடிந்துவிடாது. அந்தச் சொல் தமிழ் அச்சில் முதலில் எந்த ஆண்டு, எந்த அர்த்தத்தில் வந்தது என்று காட்ட வேண்டும். கேட்டால், "எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்பார்கள்.

இந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒரு ரகம். விக்கிப்பீடியாவில் செய்வதுபோல வாக்கியத்தின் வாலில் 'சான்று தேவை' என்று தொங்கவிட்டால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் இன்னொரு ரகம். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டாவது ரகம். இதற்குத் தொண்டு, சேவை என்று மாலை போடாதீர்கள். கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதற்கு யாரும் சம்பளம் கேட்பதில்லை.

தூசிக்கு உங்கள் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். தமிழில் செங்கோட்டை இரண்டு. ஒன்று டெல்லியில், இன்னொன்று உங்களுக்குப் பால் பாக்கெட் வரும் ஊர். 'ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் கொடியேற்றுவார்' என்று எழுதும் ஒருவர் இணைப்பை அசட்டையாகப் போட்டால் போதும், வாசகர் சொடுக்கியதும் மலையடிவாரத்தில் வந்து விழுவார். பிரதமர் முதல்நாள் ராத்திரி சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு செங்கோட்டையில் இறங்குகிறார். திருவிதாங்கூர் சங்கு முத்திரை பொறித்த தோரணவாயிலில் கொடி ஏறுகிறது. உரையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறார், சீசன் முடிவதற்குள் ஐந்தருவிக்குப் போக வேண்டாமா? கறுப்புப் பூனைப் படை துண்டோடு வரிசையில் நிற்கிறது. குளித்த பசிக்கு பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். சால்னா இரண்டாம் முறை கேட்டால் பிரதமருக்கும் அதே கரண்டி அளவுதான். தவறு எதிர்த்திசையிலும் போகும். தென்காசிக்குப் பக்கத்து ஊரை ஷாஜகான் 1639-ல் கட்டத் தொடங்குவார். வாஞ்சிநாதன் முகலாயக் கோட்டைக்குள் பிறப்பார்.

இதைச் சரிசெய்வதில் வீரம் ஒன்றும் இல்லை. 'இப்பக்கத்தை இணைத்தவை' என்ற பட்டியலைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுரையாகப் போய், அங்கே சொல்லப்படுவது கோட்டையா ஊரா என்று வாக்கியத்தைப் படித்து, சதுர அடைப்புக்குள் சரியான தலைப்பு, நடுவே ஒரு நேர்க்கோடு, பிறகு கண்ணுக்குத் தெரிய வேண்டிய சொல் என்று மாற்ற வேண்டும். இரண்டு செங்கோட்டைக்கும் வழிகாட்டும் பக்கத்துக்கு 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போக்குவரத்துக் காவலர் பயிற்சிக் கையேடு மாதிரி இருக்கிறது, போகட்டும்.

தானியங்கி நிரலிடம் விட்டால் என்ன என்பீர்கள். 2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது. ஊர்கள், கோயில்கள், அணைகள், பேரூராட்சிகள் என்று ஒவ்வொரு கட்டுரையிலும் ஓரத்துச் சுருக்கக் கட்டமான தகவல்பெட்டி, கட்டுரை எந்த வகை என்று சொல்லும் பகுப்பு, பல பக்கங்களுக்கும் பொதுவாக அடியில் இருக்கும் வார்ப்புரு மூன்றையும் மாற்றியாக வேண்டும். பகுப்பை மாற்ற நிரல் போதும். ஆனால் 'திருநெல்வேலி'யை எல்லாம் 'தென்காசி' ஆக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு ஏவினால், 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்ட திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மாவட்டம் பிறப்பதற்கு 108 ஆண்டுகள் முன்பே தென்காசி கலெக்டர் ஆகிவிடுவார். அன்றைக்குச் செங்கோட்டை இருந்ததோ திருவிதாங்கூரில். ஆகவே சில வரிகளில் திருநெல்வேலி, சில வரிகளில் தென்காசி, சில வரிகளில் இரண்டும் இல்லை. நிரலுக்கு அது தெரியாது. புளியரைக்காரனுக்குத் தெரியும்.

அச்சுக் கலைக்களஞ்சியத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-ல் வந்தது. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லையே இடம் மாறியது. அச்சான பக்கம் அச்சானதுதான், யாரும் ராத்திரி கண்விழிக்க வேண்டியதில்லை.

எல்லை என்றதும் பிரானூர் பார்டர். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது அது நிஜ எல்லை. 1956-க்குப் பிறகு எல்லை உங்கள் ஊருக்கு மேற்கே, ஆரியங்காவு போகும் மலைப்பாதைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பஸ் நடத்துநர் வாயில் அப்படியே இருக்கிறது. யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் எங்கோ தொலைவில் உட்கார்ந்து திருத்துகிற ஒருவருக்கு, மாநில எல்லைக் கோட்டிலிருந்து தள்ளி நிற்கும் 'பார்டர்' பிழையாகத்தான் தெரியும், நீக்கிவிடத் தோன்றும். அந்த வரைபடத்தின் விதியோ தரையில் உள்ளதை எழுது என்பது. ஊர் ஜனம் எப்படிச் சொல்கிறதோ அதுதான் பெயர். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று தனித்தனியாகவும் குறிக்கலாம். கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் பெயரைக் காப்பியடித்தால் உரிமம் இடிக்கும். செயற்கைக்கோள் படத்தை நம்பி வரைந்தால் மலைப்பகுதியில் படம் சில மீட்டர் விலகி, ரோடு பக்கத்து வயலில் ஓடும். மரங்கள் மூடிய பாதை படத்தில் தெரியவே தெரியாது. அதனால்தான் போனில் ஜிபிஎஸ் தடத்தை ஓடவிட்டு நடக்கிறான், ஒரே பாதையில் இரண்டு மூன்று முறை நடந்தால் தடம் ஓரளவு நேராகும். அக்கம்பக்கத்தார் கேட்டால் நடைப்பயிற்சி என்று சொல்லிவையுங்கள்.

ஆராய்ச்சிக்காரர்களும் உங்கள் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 2007-ல் ஓடெட் நோவ் என்பவர் ஆங்கில விக்கிப்பீடியாக்காரர்களிடம் விசாரித்தபோது, மேலே வந்த காரணம் 'ஜாலியாக இருக்கிறது' என்பதுதான். கொள்கையும் பட்டியலில் உயரத்தில் இருந்தது, ஆனால் கொள்கை பேசியவர்கள் அதற்கேற்ப அதிக நேரம் உழைத்ததாகத் தெரியவில்லை. நம் ஊர்க் கட்சிக்காரர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. 2012-ல் வெளிவந்த இன்னொரு சோதனையில், நிறைய உழைப்பவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆளுக்கு ஒரு நட்சத்திரப் பதக்கப் படத்தை அவரவர் பக்கத்தில் ஒட்டினார்கள். அடுத்த மூன்று மாதத்தில் அவர்கள் உழைப்பு, பதக்கம் பெறாதவர்களைவிட அறுபது சதவீதம் கூடுதல். ஒரு படம்! விலை பூஜ்யம். ஓசி!

ஆக, 'பார்த்தேன்' என்று யாராவது சொன்னால் போதும். பழைய புத்தகங்களை இணையத்தில் ஏற்றும், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கிமூலத்தில் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தை எழுத்துணரி என்ற மென்பொருள் படித்துத் தரும். 'ரி' என்பதற்குப் பதில் துணைக்காலுக்குக் கொக்கி போட்டு வைக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'ணை', 'லை' வந்தால் மிரண்டுவிடும். அந்தக் கொக்கிப் பிழை கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் சொல் அகப்படாமல் காட்டிக்கொடுக்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள் ஆகும். அதை அவரே பச்சை ஆக்க முடியாது, இன்னொருவர் படித்தாக வேண்டும். அந்த இன்னொருவருக்காகத்தான் பலர் மறுநாளும் வருகிறார்கள்.

விட்டுப் போவது எதனால் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் பங்களிப்பவர் எண்ணிக்கை 2007-ல் உச்சம் தொட்டு இறங்கியது. நல்லெண்ணத்தோடு எழுதிய புதியவரின் திருத்தத்தைக் காரணம் சொல்லாமல் தூக்கியதும், தூக்குவதற்கே கருவி வைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்று 2013-ல் எழுதினார்கள். தமிழிலும் உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுதாமல் அழிக்கிற ஆத்மாக்கள் உண்டு. 'செங்கோட்டை ஒரு நகரம் ஆகும். இது தமிழ்நாட்டில் உள்ளது ஆகும்' என்று எழுதுகிறவர்களின் 'ஆகும்'களை மட்டும் காரணம் சொல்லாமலே அழிக்கலாம், இந்தப் பக்கத்தின் முழு ஆதரவு உண்டு. 'விக்கிபீடியா' என்று ஒற்று இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு 'ப்' வேண்டும். கடையநல்லூர் வாசகர் இந்த ஒற்றுக்காக நம்மோடு பல வருஷமாக மல்லுக்கு நிற்கிறார், அவருக்குத் தீனி போடாதீர்கள்.

இன்று ராத்திரி அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். புளியரைக் கட்டுரையைத் திறக்கச் சொல்லி ஒரு முறை படியுங்கள். ஏதாவது ஒரு வரியில் "இது இப்படி இல்லையே" என்று உங்களுக்கும் தோன்றும். 'தொகு' என்ற பொத்தான் மேலே இருக்கிறது.