தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கிய வலி: விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பையனைக் கிளப்பி இப்போதே குடியாத்தம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் 108 ஆம்புலன்ஸிலேயே அடுக்கம்பாறையிலுள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

12 வயது, நேற்று மாலை தொப்புளைச் சுற்றி வலி, காலையில் வலப்பக்க அடிவயிறு, சோறு வேண்டாம் என்கிறான், இரண்டு முறை வாந்தி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரிசையைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அப்பெண்டிக்ஸ், அதாவது குடல்வால் அழற்சி. சூடு, குடல் தட்டியது என்று யாராவது சொன்னால் நம்பி வயிற்றை நீவ விடாதீர்கள்.

ஒருமுறை இருமச் சொல்லிப் பாருங்கள். வலப்பக்கம் சுருக்கென்று பிடித்துக் குனிந்தால் சந்தேகம் பலப்படும். என் அக்கா மகன் ஆட்டோ வேகத்தடை ஏறும்போதெல்லாம் முழங்காலை மடக்கி என் கையை இறுக்கினான், அன்றிரவே ஆபரேஷன். இருமும்போது வலிக்காவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

டாக்டர் பார்க்கும்வரை சாப்பாடு, தண்ணீர், ஒத்தடம் எதுவும் வேண்டாம். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு தேவைப்படும்.

வேறு காரணமும் இருக்கலாம். சிறுநீரகக் கல் என்றால் விலாவிலிருந்து கீழே இறங்கும், படுக்க முடியாமல் புரளுவார்கள். விதைக்கொட்டை முறுக்கிக்கொண்டாலும் அடிவயிறு வலிக்கும். பையன்கள் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள், அப்பாவைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். விதை முறுக்கியிருந்தால் சரிசெய்யச் சில மணி நேரம்தான் அவகாசம்.

அப்புறம், போகும் வழியில் வலி சட்டென்று குறைந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். குடல்வால் வெடித்தாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்.