பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கினால்

கேள்வி: ஆர்வி-7 ரக விமானத்தை வீட்டுக் கராஜில் கட்டிவருகிறேன். இரண்டு இருக்கைகளுக்கும் பிரேக் வைத்திருக்கிறேன். பெடலை மிதித்து மிதித்துக் காற்றை வெளியேற்றிய பிறகும் இடது பெடல் மெத்தென்று அமுங்குகிறது. மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் உருளையை)ப் பொருத்தியதில் பிழை இருக்குமா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் காற்றை வெளியேற்றும் திசையை மாற்றுங்கள். பெடலை மிதித்து எண்ணெயைக் கீழே தள்ளுவது கார்களுக்குப் பழகிய முறை. விமானத்தின் சிறிய மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதியில் தள்ளும் எண்ணெய் மிகக் குறைவு என்பதால், குழாயில் சற்றே இறங்கும் குமிழி பெடலை விட்டதும் மறுபடி மேலேறிவிடும். மேலே போவதே காற்றின் இயல்பாகையால், சக்கரத்தருகே காலிப்பரின் (சக்கரத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பகுதியின்) அடியிலுள்ள பிளீடர் திருகின் (காற்றை எடுக்கத் திறக்கும் திருகின்) வழியாக, கைப்பம்பு உள்ள எண்ணெய்க் கேனால் மெதுவாக எண்ணெயை ஏற்றி, மேலேயுள்ள ரிசர்வாயர் (எண்ணெய்த் தொட்டி) வழியே காற்றை வெளியேற்றுவதுதான் சரி. கேனிலிருந்து வரும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் பிளீடரில் மாட்டும் முன் அதையே எண்ணெயால் நிரப்பிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்களே காற்றை உள்ளே அனுப்புவீர்கள். பார்க்கிங் பிரேக் வால்வு இருந்தால் அது திறந்திருக்க வேண்டும். பெடல்களை யாரும் தொடக்கூடாது. ரிசர்வாயரில் குமிழி வருவது நின்றதும், பம்பின் அழுத்தம் இருக்கும்போதே பிளீடரை மூடிவிட்டு, எண்ணெய் சூடாகி விரிய இடம் இருக்கும்படி மட்டத்தைக் குறைத்துவிடுங்கள்.

இப்படிச் செய்தும் மென்மை தீரவில்லையென்றால், சிலிண்டர் இருக்கும் கோணத்தைப் பாருங்கள். எண்ணெய் வெளியேறும் துளை சிலிண்டரின் மிக உயர்ந்த பகுதியில் இல்லாவிட்டால், அதற்கு மேலுள்ள மூலையில் காற்று தங்கிவிடும். எவ்வளவு எண்ணெய் ஏற்றினாலும் அது நகராது. குழாய்களைக் கழற்றாமல், சிலிண்டரின் போல்ட்டை மட்டும் எடுத்து, துளை மேலே வரும்படி சாய்த்து, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டியபடி மறுபடி எண்ணெயை ஏற்றுங்கள். ஏறி இறங்கும் குழாய் வளைவுகளிலும் இதே சிக்கல் நேரும்.

பொருத்துதலில் நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று: பெடலை விட்டதும் சிலிண்டரின் தண்டு முழுவதுமாக வெளியே வந்துவிட வேண்டும். அப்போதுதான் ரிசர்வாயருக்குச் செல்லும் சிறு வழி உள்ளே திறக்கிறது. தண்டு சிறிதளவு உள்ளே நின்றாலும் வழி மூடியபடியே இருக்கும். டாக்ஸி செய்யும்போது, அதாவது விமானம் தரையில் ஊர்ந்து செல்லும்போது, சூடாகி விரியும் எண்ணெய் போக இடமின்றிப் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும், அதனால் இன்னும் சூடேறும். சோதிப்பது எளிது. பெடலை இணைக்கும் பின்னை எடுத்துவிட்டு, தண்டை முழுவதும் வெளியே இழுத்து, பெடலை அதன் ஓய்வு நிலையில் வையுங்கள். பின் செல்லும் துளைகள், பெடலிலும் தண்டிலும் உள்ளவை, தாமாக நேர்ப்பட வேண்டும். தண்டை உள்ளே அழுத்தித்தான் பின்னைச் செருக முடிகிறதென்றால், பெடல் வேறெதிலோ முட்டி நிற்கிறது. முட்டும் இடத்தைக் கண்டு சரிசெய்யுங்கள். தண்டின் முனையிலுள்ள திருகுமுனையையும் திருத்தலாம்.

இரட்டைப் பிரேக் அமைப்பில் இது இருமடங்கு முக்கியம். ரிசர்வாயரிலிருந்து வரும் எண்ணெய் வழக்கமாகத் துணை இருக்கையின் சிலிண்டர், பிறகு விமானியின் சிலிண்டர், அதன்பின் காலிப்பர் என்று தொடராகச் செல்கிறது. ஆகவே விமானியின் சிலிண்டர் முழுவதும் திரும்பாவிட்டால், துணை இருக்கையில் மிதிப்பவரின் அழுத்தம் சக்கரத்தை எட்டாது.

எண்ணெயைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். நைட்ரைல் ரப்பராலான ஓரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) உள்ள இந்த அமைப்பில் காரின் டாட் 3, டாட் 4 பிரேக் எண்ணெய் ஒரு துளிகூடச் சேரக்கூடாது. அது ரப்பரை உப்பச்செய்து கெடுத்துவிடும். 5606 என்ற சிவப்பு நிற விமான ஹைட்ராலிக் எண்ணெய் பொருந்தும். அதனுடன் கலக்கவும்கூடிய 83282 எண்ணெய் இன்னும் மேல் என்பது என் கருத்து. முந்தையதன் தீப்பற்றுநிலைக்கு (ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலைக்கு)த் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சம் 82 டிகிரி செல்சியஸ், பிந்தையதற்கோ 205.

எல்லாம் முடிந்தபின் பெடலை மிதித்து அழுத்தியபடியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். பலமுறை மிதித்தால் மட்டும் கடினமாகிறதென்றால் இன்னும் காற்று உள்ளது. மிதித்த நிலையிலேயே மெல்ல மெல்ல இறங்குகிறதென்றால், முதலில் பொருத்துகளில் கசிவைத் தேடுங்கள். வெளியே எங்கும் ஈரமில்லையெனில் சிலிண்டரின் ஓரிங்கை மாற்றுங்கள்.