வெர்கோர் மலையில் பிரெஞ்சுப் போராளிகள் தோற்றது ஏன்?

சுற்றிலும் செங்குத்துப் பாறை இருந்தும் 1944-இல் வெர்கோர் ஏன் வீழ்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கனரக ஆயுதம் இல்லாததுதான் முக்கியக் காரணம் என்பேன்.

ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த பிரான்சில், இளைஞர்களை ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்பும் கட்டாய உழைப்புச் சட்டம் 1943-இல் வந்ததும், போக மறுத்த பலர் மலையேறினார்கள். தென்கிழக்கு பிரான்சின் கிரெனோபிள் நகருக்கு அருகிலுள்ள இந்தப் பீடபூமியில் 1944 ஜூலைக்குள் சுமார் 4,000 பேர் திரண்டுவிட்டார்கள். தாக்கிவிட்டு நழுவ வேண்டிய கெரில்லாக்கள், ஓர் இடத்தைக் காத்து நிற்க வேண்டியதாயிற்று.

ஜூலை 14, பட்டப்பகலில் அமெரிக்க விமானங்கள் பாராசூட்டில் ஆயுதங்களைப் போட்டன. போராளிகள் கெஞ்சிக் கேட்ட மோர்ட்டார்கள் (குண்டுகளை உயர எறியும் சிறு பீரங்கிகள்) மட்டும் வரவில்லை. நேச நாட்டு விமானங்களுக்காக வாசியூ கிராமத்தில் அவர்களே ஓடுபாதை அமைத்துக்கொண்டிருந்தார்கள். ஜூலை 21 காலை அங்கே வந்திறங்கியவை படைவீரர்களை ஏற்றிவந்த ஜெர்மன் கிளைடர்கள், அதாவது எஞ்சின் இல்லாத விமானங்கள்! அப்புறம் லுயிர் குகை மருத்துவமனையில் பிடிபட்ட காயமடைந்தவர்களையும் ஜெர்மானியர்கள் கொன்றார்கள். அது போரே அல்ல, அப்பட்டமான படுகொலை.